ஜாடிக்கு லேபிள் வெட்டும்போது புள்ளியைத் தொலைக்காதீர்கள்

உப்பு ஜாடியில் "உபபு" என்று ஒட்டியிருந்தது. ஒட்டும் பிளாஸ்டிக் தாளான வினைலில் எழுத்தை வெட்டித் தரும் கட்டிங் மெஷின் வீட்டுக்கு வந்த முதல் வாரம் அது. மும்பை செம்பூரில் எங்கள் சமையலறை மேடையில் 18 கண்ணாடி ஜாடிகளைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டி முடித்திருந்தேன். மாமியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது ஜாடியில் நின்றுவிட்டார். "ஏம்மா, இதுல புள்ளி எங்க போச்சு?" புள்ளி குப்பைக்கூடையில் கிடந்தது. வெட்டி முடித்து மிச்ச வினைலை உரித்தபோது அதோடு சேர்ந்து போயிருந்தது.

கிரிக்கட், சில்லவெட் மாதிரி மெஷின்களுக்கு யூடியூபில் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. நான் பார்த்தவை எல்லாமே ஆங்கில எழுத்தை வைத்துச் சொல்பவை. அங்கே சின்ன ஐ, சின்ன ஜே இரண்டுக்கும்தான் தலையில் புள்ளி. நமக்கு "மிளகாய்த்தூள்" என்ற ஒரு சொல்லிலேயே மூன்று. அதனால் தமிழில் லேபிள் வெட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் வேறு மாதிரி. அதிலும் பெரிய தவறுகள் மெஷினைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

செயலியில் நேராகத் தமிழ் அடிப்பது

வடிவமைக்கும் செயலிகள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்துகள் சேரும் விதம் தெரியாது. "கொத்தமல்லி" என்று அடித்தால் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழும். துணைக்கால் தனியே நகர்ந்து நிற்கும். திரையில் சின்னதாகத் தெரியும்போது இது கண்ணில் படாது. ஜாடியில் ஒட்டிய பிறகு தினமும் படும்.

எழுத்து வேலையை நான் இங்க்ஸ்கேப்பில் முடித்துக்கொள்கிறேன். அது இலவச மென்பொருள். யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது. சொல்லை அடித்து, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து எழுத்தை வடிவமாக மாற்றி, பிறகு துண்டுகளை ஒன்றாக்கும் 'யூனியன்' கொடுத்து, எஸ்விஜி கோப்பாகச் சேமித்தால் மெஷினின் செயலி அதை ஒரு படமாகத்தான் எடுத்துக்கொள்ளும்; எழுத்தைக் கலைக்காது. வடிவமாக மாற்றிய பின் எழுத்துப்பிழையைத் தட்டித் திருத்த முடியாது. மாற்றுவதற்கு முன்னால் வீட்டில் இன்னொருவரை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

யூனியன் கொடுக்க மறப்பது தனித் தவறு. எழுத்தின் இரண்டு பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும். மெஷின் இரண்டின் ஓரத்தையும் தனித்தனியாக வெட்டும். எழுத்தின் நடுவே ஒரு கீறல் விழும்.

எங்கள் வீட்டில் சமையலுக்கு வரும் மௌஷிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. துவரம்பருப்பு எது, கடலைப்பருப்பு எது என்று அவர் ஜாடியைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. யார் சமைக்கிறார்களோ அவர்களுக்குப் புரியாத லேபிள் எதற்கு? தமிழுக்குக் கீழே மராத்தியிலும் பெயர் சேர்த்தேன். யூனியனின் அருமை அங்கேதான் தெரிந்தது. மராத்தி எழுதும் தேவநாகரியில் எழுத்துகளின் தலைக்கோடு ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும். யூனியன் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு எழுத்துக்கும் இடையில் அந்தக் கோடு துண்டு துண்டாக வெட்டுப்படும்.

மெல்லிய எழுத்துருவும் குட்டிப் புள்ளியும்

அழகாக இருக்கிறதே என்று மெல்லிய, சாய்ந்த எழுத்துருவை எடுக்கத் தோன்றும். கைமுறுக்குக்கு மாவு பிசைந்த விரல்கள் தொடும் ஜாடி இது. மெல்லிய கோடு ஓரம் தூக்கிக்கொண்டு சீக்கிரம் கழன்றுவிடும். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் பலூ தம்பி இந்த வேலைக்கு எனக்கு மிகவும் பிடித்தது. தடிமனான உருண்டை எழுத்து, கூர்முனைகள் குறைவு, ஆகவே வினைல் கிழியாது. அதைச் செய்த ஏக் டைப் நிறுவனமும் மும்பைக்காரர்கள்தான் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

எழுத்தின் உயரம் 1 செ.மீ. இருந்தால் புள்ளி 2 மி.மீ. தேறுவதே கஷ்டம். அவ்வளவு சின்னத் துண்டுக்கு, வினைலின் அடியில் இருக்கும் பின்தாளைப் பிடித்துக்கொள்ளும் பசை ரொம்பக் கொஞ்சம். என் அனுபவத்தில் புள்ளியுள்ள சொற்களுக்கு 1.5 செ.மீ.க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. இடம் போதவில்லையென்றால் இரண்டு வரியாக உடையுங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள். புள்ளிக்குள்ளே ஓட்டை வைத்து வளையமாக வரையும் எழுத்துருக்களும் உண்டு. அவற்றைத் தொடவே வேண்டாம்.

உரிக்கும் விதமும் முக்கியம். மிச்ச வினைலை மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் புள்ளி கூடவே வரும். வினைலைத் தன்மேலேயே மடித்த மாதிரி, கிட்டத்தட்ட மேசையோடு படுக்கவைத்து, மெல்ல இழுக்க வேண்டும். புள்ளி வரும் இடத்தில் நின்று, கொக்கி ஊசியின் முனையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டும். சாம்பார் பொடிக்கு இரண்டு இடத்தில் மூச்சைப் பிடித்தால் போதும், உளுத்தம்பருப்புக்கு மூன்று.

இதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. புள்ளி அதிகமுள்ள சொற்களுக்கு நான் அதைத்தான் செய்கிறேன். எழுத்தை வினைலில் வெட்டி ஒட்டுவதற்குப் பதில், ஒரு முழுப்பட்டையை வெட்டி அதில் எழுத்து இருக்கும் இடத்தைக் காலியாக விடுவது. அப்போது புள்ளி ஒரு ஓட்டை. அதைக் கொக்கியால் குத்தி எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் ண, ன மாதிரி சுழியுள்ள எழுத்துகளில் சுழிக்கு நடுவே இருக்கும் துண்டு தனித்து நிற்கும், அதைக் காப்பாற்ற வேண்டிவரும். புள்ளி நிறைய என்றால் முழுப்பட்டை, சுழி நிறைய என்றால் வெறும் எழுத்து என்று சொல்லைப் பார்த்து முடிவெடுங்கள்.

யூனியனால் ஒன்றாக்காத துண்டுகளுக்கு, அவற்றை இருந்த இடத்திலேயே நிறுத்திவைக்கும் கிரிக்கட் செயலியின் 'அட்டாச்' பொத்தானை மறந்தாலும் புள்ளி போகும். அதை அழுத்தாவிட்டால் செயலி தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று துண்டுகளையெல்லாம் நெருக்கி ஒரு மூலையில் அடுக்கிவிடும். எந்தப் புள்ளி எந்த எழுத்துக்கு என்று பிறகு தேட வேண்டியதுதான்.

பிளேடு, வினைல், மழை

பிளேடு வினைலை மட்டும் வெட்ட வேண்டும், பின்தாளை வெட்டக் கூடாது. ஒவ்வொரு புது ரோலுக்கும் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரத்தை வெட்டிப் பாருங்கள். சதுரம் சுத்தமாக உரிந்து வந்து, பின்தாளில் லேசான தடம் மட்டும் தெரிந்தால் சரி. பின்தாளும் பிளந்தால் அழுத்தம் அதிகம். கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து படிக்கிற மாதிரி ஒட்டினாலொழிய, எழுத்தை இடவலமாகத் திருப்பும் 'மிரர்' வேண்டாம்.

ஜாடிக்கு நிரந்தரப் பசையுள்ள வினைல்தான் வாங்க வேண்டும். ஓரக்கல் 651 நிரந்தர வகை; 631 சுவரில் ஒட்டி எடுப்பதற்கான வகை. இரண்டும் ரோலில் ஒரே மாதிரி தெரியும், எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கிராஃபர்ட் மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் தெருவில் ஸ்டேஷனரி, கிராஃப்ட் சாமான் எல்லாம் கிடைக்கும். ஆரம்பத்தில் பழக, வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் ரேடியம் கடைகளில் துண்டு வினைல் கேட்டுப் பாருங்கள்.

இன்க்ஜெட் பிரிண்டரில் சாதாரண ஸ்டிக்கர் தாளில் அச்சடித்து வெட்டுவது அழகுதான். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊர்க் காற்றில் தாள் ஓரம் சுருண்டு, ஈரக்கை பட்டால் மை கரையும். லேமினேட் செய்யாமல் ஒட்டாதீர்கள். லேமினேட்டையும் வெட்டிய பிறகு போடாமல், அச்சடித்தவுடன் போட்டு அப்புறம் வெட்டுங்கள். பளபளப்பான பரப்பில், எங்கே வெட்டுவது என்று தெரிய மெஷின் படிக்கும் கறுப்புக் குறிகள் வெளிச்சம் அடித்துத் தெரியாமல் போகலாம், அதனால் மேட் லேமினேட் நல்லது.

கண்ணாடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்

லேபிள் கழன்று வந்தால் வினைலைத்தான் குறை சொல்வோம். பெரும்பாலும் காரணம் எண்ணெய். பாத்திர சோப்பால் கழுவிக் காயவைத்த பின், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, லேபிள் வரும் இடத்தை ஒருமுறை துடையுங்கள். ஜன்னல் துடைக்கும் திரவமும், ஜெல் சானிடைசரும் மெல்லிய படலம் விட்டுவிடும். துடைத்த இடத்தை மறுபடி விரலால் தொடக் கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜாடியில் வியர்த்திருக்கும், அறைச் சூடு வரும்வரை காத்திருங்கள்.

ஒட்டியதும் ஜாடியைக் கழுவாதீர்கள். ஒரு நாளாவது, முடிந்தால் மூன்று நாள், பசை பிடிக்கட்டும். ஊறுகாய் ஜாடிக்கு வாயிலிருந்து இரண்டு விரல்கடை கீழே ஒட்டுங்கள். கரண்டியிலிருந்து வழியும் நல்லெண்ணெய் முதலில் லேபிளின் மேலோரத்தைத்தான் பிடிக்கும். ஜாடியின் உள்பக்கமோ மூடியின் உள்பக்கமோ, சாப்பாடு படும் எந்த இடமும் வேண்டவே வேண்டாம். இந்த வினைல் உணவோடு சேர்வதற்காகச் செய்யப்பட்டதில்லை.

அளவை நாடாவால் எடுங்கள். 9 செ.மீ. விட்டமுள்ள ஜாடிக்குச் சுற்றளவு சுமார் 28 செ.மீ. வரும், அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 9 செ.மீ.தான் முன்னிருந்து பார்க்கும்போது ஒழுங்காகப் படிக்கக் கிடைக்கும். மேலே அகன்று கீழே ஒடுங்கும் ஜாடியில் நேர்ப்பட்டை கோணலாகத்தான் நிற்கும். ஒரு காகிதத்தைச் சுற்றிப் பென்சிலால் மேலோரமும் கீழோரமும் குறித்து விரித்துப் பாருங்கள், வளைந்த பட்டை வரும். அதுதான் உங்கள் அளவு. ஜாடிகளைக் கீழ் டிராயரில் வைப்பவர்கள் மூடியின் மேல் ஒட்டிவிடலாம்.

வீட்டில் போட்ட பொடியையும் ஊறுகாயையும் விற்பவர்களுக்கு ஒன்று. 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைப்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், சைவம் என்று காட்டும் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் எண் இவ்வளவும் வினைலில் வெட்டுகிற வேலை இல்லை. பெயரை மட்டும் முன்னால் அழகாக வெட்டி ஒட்டிவிட்டு, மற்றதை அச்சடித்த தாளில் பின்னால் ஒட்டுங்கள்.

பருப்பு மாறினால் லேபிளை நகத்தால் சுரண்டாதீர்கள். தலை உலர்த்தும் டிரையரால் அரை நிமிடம் சூடு காட்டி, ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்தால் முழுசாக வரும். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தடவிக் கால் மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அடுத்த லேபிளுக்கு முன்னால் மறுபடியும் அந்த ஆல்கஹால் பஞ்சு.