பாயின்டிலிசம் லேண்ட்ஸ்கேப்: பச்சை ஏன் சாம்பலாகுது?

பாயின்டிலிசம்னா சின்னச் சின்ன கலர் புள்ளியா வெச்சு படம் வரையறது. இதுல பிரஷ் கழுவாம அடுத்த கலர்ல முக்குறது, ஈரம் காயறதுக்குள்ள மேல புள்ளி வைக்கிறது, இதெல்லாம் ஒரு தடவ பட்டா தானா நின்னுடும், விடுங்க. புதுசா வர்றவங்க திரும்பத் திரும்ப போய் விழற எடம் வேற, அந்தக் காலத்துல நானும் விழுந்த எடம்தான், அதான் பாக்கும்போதே கடுப்பாகுது.

மஞ்சள் புள்ளி + நீலப் புள்ளி = பச்சை இல்ல

பாலெட்ல மஞ்சளையும் நீலத்தையும் கொழச்சா பச்சை வரும், சரி. அதையே தனித்தனி புள்ளியா வெச்சு தள்ளி நின்னு பாருங்க, அழுக்குச் சாம்பல்தான் தெரியும். கொழைக்கும்போது மஞ்சள் பெயிண்ட் நீல வெளிச்சத்த முழுங்கும், நீலப் பெயிண்ட் சிவப்ப முழுங்கும், ரெண்டுகிட்டயும் தப்பிச்சு வர்றது பச்சை. புள்ளி தனியா இருந்தா அந்த முழுங்கல் வேலையே நடக்காது, ரெண்டுல இருந்து வர்ற வெளிச்சத்தயும் கண்ணு சராசரி பண்ணிடும்.

கிளாஸுக்கு வர்ற ஒரு தம்பி, இந்தப் புள்ளி முறைய ஆரம்பிச்ச பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1884-86ல வரைஞ்ச 'லா கிராண்ட் ஜாட்' படத்தோட புல்வெளிய பண்றேன்னு பெரிய கேன்வாஸா வாங்கி, கேட்மியம் மஞ்சளும் அல்ட்ராமரின் நீலமும் ட்யூப் ட்யூபா காலி பண்ணி கொண்டு வந்து வெக்கிறான், புல்லு முழுக்க அடுப்புச் சாம்பல் கொட்டின மாதிரி இருக்கு. 'கண்ணே கலந்துக்கும்னு வீடியோல சொன்னாங்க சார்'ங்கறான். யாருடா அது?

சூரா அப்படி பண்ணவே இல்ல. புல்லுக்கு மொதல்லயே பச்சையத்தான் குறுக்கும் நெடுக்குமா சின்ன ஸ்ட்ரோக்கா போட்டாரு, வெயில் பக்கம் வெளிர் பச்சை, நிழல் பக்கம் அடர் பச்சை. அப்புறம்தான் மேல வெயிலுக்கு மஞ்சளும் ஆரஞ்சும், நிழலுக்கு நீலமும். புள்ளி வந்தது கடைசில, பச்சைய உண்டாக்க இல்ல, அதுல வெயில் ஏத்த.

ஆரஞ்சு-நீலம் மாதிரி எதிர் நிறத்துக்கும் இதே கதை. பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839லயே சொன்னாரு, பக்கத்து பக்கத்துல இருந்தா ஒண்ண ஒண்ணு தூக்கிக் காட்டும்னு. ஆனா ரெண்டும் தனித்தனியா கண்ணுக்குத் தெரியற வரைக்கும்தான். ஆரஞ்சையும் நீலத்தையும் பொடிப்பொடியா தூவினா ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு மறுபடி சாம்பல். பின்னாடி சூராவோட கூட்டாளி ஓவியர் சின்யாக் மொசைக் கல்லு சைஸுக்கு ஸ்ட்ரோக்க பெருசாக்கினாரு, அந்தப் படங்களப் பாருங்க, கலர் எப்படி நிக்குதுன்னு.

அந்த ப்ரவுன் புள்ளிய காப்பி அடிக்காதீங்க

'லா கிராண்ட் ஜாட்' புல்வெளில இப்ப தெரியற ப்ரவுன் புள்ளியத்தான் சொல்றேன், அது சூரா வெச்ச கலரே இல்ல. அவர் போட்ட ஜிங்க் யெல்லோங்கற மஞ்சள் பெயிண்ட் கறுத்துப் போய் காவி ஆயிடுச்சு, 1892லயே விமர்சகர் ஃபெனியோன் படத்தோட ஒளி போச்சுன்னு எழுதிட்டாரு.

சோகம்னா முழுக்க நீலமா?

1890ல ஒரு லெட்டர்ல சூராவே பிரிச்சு எழுதி இருக்காரு: சந்தோஷத்துக்கு வெளிச்சம் தூக்கல், சூடான கலர், மேல ஏற்ற கோடு, சோகத்துக்கு இருட்டு, குளிர்ந்த கலர், கீழ எறங்கற கோடு, அமைதிக்கு எல்லாம் சரிசமம், கோடு படுத்திருக்கணும். அதே வருஷம் வடக்கு பிரான்ஸ் கடற்கரை ஊரான கிராவ்லின்ல வரைஞ்ச கால்வாய் படங்கள்ல கரை, தண்ணி, அடிவானம் எல்லாமே படுக்கைக் கோடு. நம்மாளுங்க கலர மட்டும் மாத்திட்டு கோட்ட மறந்துடறாங்க.

கறுப்பு ட்யூப்

வாங்கவே வாங்காதீங்க.