கியூபிட் செய்யும் முன் ரெசனேட்டரை அளந்துபாருங்கள்

மதுரையிலிருந்து ஐஎன்யூபி திட்டத்தில் (வெளி மாணவர்களுக்கு நானோ ஆய்வக வசதி தரும் திட்டம்) பெங்களூரு ஐஐஎஸ்சி தூய அறைக்குச் சிப் செய்யக் கிளம்பும் மாணவர்களே, எடுத்த எடுப்பில் கியூபிட்டில் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) கை வைக்காதீர்கள். அதே வேஃபரில் (சிப் செய்யும் மெல்லிய தட்டு), அதே உலோகப் படலத்தில் ஒரு கோபிளேனார் ரெசனேட்டரை (ஒரே தளத்தில் அமைந்த, குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும் மைக்ரோவேவ் சுற்று) செய்து அளந்துபாருங்கள். கியூபிட் தன் நிலையை இழந்து சீக்கிரம் செத்தால் ஜோசப்சன் சந்தியை (இரு மீக்கடத்திகளுக்கு இடையே மெல்லிய காப்பு அடுக்கு) குறை சொல்வதா, வயரைக் குறை சொல்வதா என்று தெரியாது. ரெசனேட்டரில் சந்தி இல்லாததால் பொருளின் குறையைப் பிரித்துப் பார்ப்பது எளிது.

வேஃபருக்கு 10 கிலோஓம்-செ.மீ.க்கு மேல் மின்தடைத்திறன் உள்ள சிலிக்கான் வேண்டும். நல்ல வேஃபர் கிடைத்துவிட்டால், பெரும்பாலான தொல்லை மேற்பரப்பில்தான். உலோகமும் சிலிக்கானும் சேருமிடத்தில் ஓரிரு நானோமீட்டர் ஆக்சைடு தங்கினாலே போதும். ஒழுங்கற்ற அந்த அடுக்கில் இரு நிலைகளுக்கிடையே தாவும் குறைகள் இருக்கின்றன. டிஎல்எஸ் என்பது இவைதான். இவை கியூபிட்டின் 5 கிகாஹெர்ட்ஸ் ஆற்றலை உறிஞ்சிவிடும்.

ஆக்சைடை நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் நீக்கிய சில நிமிடங்களில் வேஃபர் வெற்றிட அறைக்குள் போயிருக்க வேண்டும். மாட்டுத்தாவணியில் வாங்கிய மல்லி மொட்டை விரியுமுன் தொடுத்துவிடும் அவசரம் இங்கும் வேண்டும். அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமல் போகலாம், ஆனால் எலும்பு வரை இறங்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

உலோகத்திலும் இதே கதைதான். நையோபியத்தின் மேல் வளரும் பென்டாக்சைடு இழப்பு மிக்கது. சபையர் மேல் டான்டலம் போட்ட கியூபிட்டின் ஆயுள் 2021இல் 0.3 மில்லிவிநாடியைத் தாண்டியது.

அளக்கும்போது சிப்பை 10 மில்லிகெல்வின் அருகே குளிர்வித்து, அனுப்பும் மைக்ரோவேவ் திறனைப் படிப்படியாகக் குறையுங்கள். 6 கிகாஹெர்ட்ஸ் ரெசனேட்டரில் சராசரி ஒரு ஃபோட்டான் இருக்க, சிப்பின் வாயிலில் ஏறத்தாழ −150 டிபிஎம் (திறனின் மடக்கை அலகு) போதும். வழியில் 70 டிபி தணிப்பு இருந்தால் விஎன்ஏவில் (மைக்ரோவேவ் அனுப்பி அளக்கும் கருவி) −80 டிபிஎம் வையுங்கள். அதிகத் திறனில் டிஎல்எஸ்கள் நிறைவுற்று உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும், உள் கியூ மதிப்பு (ரெசனேட்டர் தனக்குள் ஆற்றலை எவ்வளவு குறைவாக இழக்கிறது என்ற அளவு) அழகாக ஏறும். அந்த எண்ணை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். கியூபிட் வாழ்வது ஒற்றை ஃபோட்டானில். அங்கே கிடைக்கும் கியூவைத்தான் எடுக்க வேண்டும். அதை 2π × அதிர்வெண்ணால் வகுத்தால் ஆயுள் கிடைக்கும்: 5 கிகாஹெர்ட்ஸில் கியூ 10 லட்சம் என்றால் 32 மைக்ரோவிநாடி.

திறனை மாற்றியும் கியூ அசையவில்லையா? அப்போது டிஎல்எஸ் அல்ல. உலோகத்தில் சிக்கிய காந்தச் சுழல், பெட்டிக்குள் கசியும் கதிர்வீச்சு, வேஃபரின் மாசு என்று தேடுங்கள்.

சிலிக்கான் ஸ்பின் கியூபிட்டில் (எலக்ட்ரான் போன்ற துகளின் ஸ்பின்னில் தகவலை வைப்பது) ரெசனேட்டர் காட்டாத இன்னொரு குறை உண்டு. இயற்கைச் சிலிக்கானில் 4.7 சதவீதம் சிலிக்கான்-29 என்ற ஐசோடோப். அதன் அணுக்கருவின் ஸ்பின், கியூபிட்டின் கட்டத்தை (ஃபேஸ்) கலைக்கும். ராம்சே சோதனையில் (கட்டம் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று அளப்பது) குறுகிய காலமும் ஹான் எக்கோவில் (நடுவில் ஒரு துடிப்பு கொடுத்து மெதுவான மாற்றத்தை ஈடுசெய்து அளப்பது) பல மடங்கு நீண்ட காலமும் வந்தால், மெதுவாக மாறும் இரைச்சல் என்று பொருள். முதல் சந்தேகம் சிலிக்கான்-29 மேல்தான். சிலிக்கான்-28 செறிவூட்டிய வேஃபரில் அதே சோதனையைச் செய்துபாருங்கள். அதிலும் காலம் நீளாவிட்டால், ஆக்சைடு ஓரத்து மின்னூட்ட இரைச்சலைத் தேடுங்கள்.