ஊட்டிக் குளிரில் மீன் மொறுமொறுப்பாகப் பொரிய

கோயம்புத்தூரில் நன்றாக வரும் மீன் பொரியல், அதே அளவு, அதே தீ, ஊட்டியிலோ கொடைக்கானலிலோ செய்தால் மேலே கருத்து உள்ளே பச்சையாக நிற்கும். கை தப்பு இல்லை, உயரம்தான் காரணம். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மாவிலுள்ள ஈரம் சீக்கிரம் ஆவியாகி மேல்பக்கம் முந்திக்கொண்டு சிவக்கும். ஆகவே எண்ணெய் 180 டிகிரி வேண்டாம், 170 போதும்.

நான்கு பேருக்கு முள் நீக்கிய கொடுவா அல்லது பாசா அரைக் கிலோ. கட்லா, ரோகு வேண்டாம். சதைக்குள் பொடி முள் நிறைய. 2 செ.மீ. கனத்தில் நறுக்குங்கள்.

ஐஸில் வைத்த மீனை முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஐஸ் விட்டதும் தண்ணீர் கொட்டும். உப்புத் தடவிப் பத்து நிமிடம் வைத்து, பருத்தித் துணியால் அழுத்தித் துடையுங்கள். விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. இதில் சோம்பல்பட்டால் மாவு சட்டை மாதிரி கழன்று எண்ணெயில் மிதக்கும். துடைத்த துண்டுகளை வெறும் மைதாவில் புரட்டி உதறி வையுங்கள்.

மாவுக்கு: மைதா 100 கிராம், அரிசி மாவு 50 கிராம், உப்பு அரை டீஸ்பூன், மிளகுத்தூள் கொஞ்சம், பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன். கீழே சமவெளியில் ஒரு டீஸ்பூன் போடுவோம். இங்கே அது அதிகமாக உப்பி, மாவு எண்ணெய் குடிக்கும். மைதா மட்டும் போட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும், அரிசி மாவுதான் மொறுமொறுப்பு தருவது. எண்ணெய் காய்ந்த பிறகே சில்லென்ற சோடா 180 மி.லி. ஊற்றிப் பத்துச் சுற்று கலக்குங்கள். கட்டி இருந்தால் இருக்கட்டும். பஜ்ஜி மாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும்.

வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டு மாவு விட்டுப் பாருங்கள். பாதி ஆழம் போய் மெதுவாக மேலே வந்தால் சூடு சரி. விட்டதுமே சிவந்தால் அடுப்பைத் தணியுங்கள்.

ஒரு தடவைக்கு மூன்று துண்டுதான். குளிர்ந்த மீன் நிறைய விழுந்தால் சூடு இறங்கி எண்ணெய் ஊறிவிடும். துண்டை மாவில் தோய்த்து, நுனியைப் பிடித்து, எண்ணெயில் இரண்டு நொடி ஆட்டி விடுங்கள், அடியில் ஒட்டாது. ஐந்து நிமிடம், நடுவில் ஒரு புரட்டு. முதலில் சடசடவென்று சத்தம், பெரிய குமிழ். சத்தம் அடங்கி, குமிழ் சிறுத்து, துண்டு மிதந்தால் வெந்துவிட்டது.

எடுத்ததும் கம்பித் தட்டில் வையுங்கள். பேப்பரில் வைத்தால் அடியில் ஆவி தங்கி நமுத்துவிடும். மூடியும் போடாதீர்கள். ஜன்னலில் மூடுபனி நிற்கும் நாளில் பத்து நிமிடத்திலேயே இளகும். அப்போது சாப்பிடுமுன் மறுபடி ஒரு நிமிடம் எண்ணெயில் போட்டு எடுங்கள்.