பங்கை விக்கப் போறீங்களா? எல்பிஏ எங்க வரும், எங்க வராது

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பூர்வீக சொத்துல பங்கை விக்கலாம்னு பேச்சு எடுத்தாலே ஒருத்தர் "மொதல்ல எல்பிஏ (மனைக்கு அனுமதி குடுக்கற அரசு அமைப்பு) அப்ரூவல் வாங்குங்க"ம்பாரு, இன்னொருத்தர் "அதெல்லாம் எதுக்குங்க, நேரா பத்திர ஆபீஸ் போயிரலாம்"பாரு. ரெண்டு பேரு சொல்றதும் பாதிதான் சரி. அண்ணன் தம்பி பேர்ல கூட்டுப் பட்டாவா கிடக்கற காட்டுல "மூணுல ஒரு பங்கு"ன்னு பிரிக்காம விக்கிறீங்களா, இல்ல "தடத்தோரமா இந்த 10 சென்ட்"னு கல்லு நட்டு சைட்டா விக்கிறீங்களா, அதுதான் கேள்வி. மொதல்லத எல்பிஏ கண்டுக்கவே கண்டுக்காது. ரெண்டாவது அவங்க கையெழுத்து இல்லாம நகராது.

எல்பிஏங்கறது உள்ளூர் திட்டக் குழுமம், 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துல வந்தது. அதோட எல்லைக்கு வெளிய இருக்கற ஊருன்னா மாவட்ட டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஆபீஸ். யாருக்கு எத்தன பங்கு, தங்கச்சிக்கு உண்டா இல்லையாங்கற பஞ்சாயத்தெல்லாம் அங்க எடுபடாது, அது குடும்பத்துக்குள்ளயோ கோர்ட்லயோ முடிச்சுக்க வேண்டியது. (கட்டிக் குடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சுன்னு பொறந்தவள விட்டுட்டு பத்திரம் போடறது இன்னும் நடக்குதுங்க. மகளுக்கும் சமபங்குன்னு 2005 திருத்தமும் 2020 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் வந்த பொறவு அது சும்மா கேஸ வெல குடுத்து வாங்கற வேலை.)

பிரிக்காத பங்குன்னா மொத வேலை கூடப்பொறந்தவங்ககிட்ட கேக்கறது. மரியாதைக்காக மட்டும் சொல்லல. அப்பா உயில் எழுதாம போய் வாரிசுங்களுக்கு வந்த சொத்துன்னா, ஒருத்தர் விக்கிறப்போ மத்த வாரிசுங்களுக்கு வாங்கற முன்னுரிமை இருக்கு, இந்து வாரிசுரிமைச் சட்டம் 22ஆவது பிரிவு. செலவும் பாருங்க. வெளியாளுக்கு கிரயம்னா முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 50 லட்ச ரூபா பங்குக்கு நாலரை லட்சம் போயிரும். அதே பங்க அண்ணனுக்கு விடுதலைப் பத்திரமா (பங்க விட்டுக் குடுக்கற பத்திரம்) எழுதினா 1 சதவீதம், அதுலயும் 2023 ஜூலைல இருந்து உச்சபட்சம் முத்திரை 40,000, கட்டணம் 10,000, அவ்வளவுதான். வாங்கறவருக்கு இவ்வளவு மிச்சமாகறப்போ வெலையில கொஞ்சம் ஏத்திக் கேக்க உங்களுக்கும் எடம் இருக்கு. சித்தப்பா பையன், பெரியப்பா பையன்னா இந்தச் சலுகை பொருந்துமான்னு பத்திரம் எழுதறவர்கிட்ட கேட்டுட்டு இறங்குங்க.

குடியிருக்கற ஊட்டுல பங்குன்னா வெளியாளுக்கு விக்கலாம், ஆனா வாங்கினவரு உள்ள வந்து கூட குடியிருக்கேன்னு கேக்க முடியாது, பாகம் பிரிக்க கேஸ்தான் போடணும், அப்பவும் குடும்பத்துல ஒருத்தர் நான் வாங்கிக்கறேன்னா கோர்ட் அவங்களுக்கு வழிவிடும். அதனாலதான் இந்த மாதிரி பங்குக்கு யாரும் முழு வெல குடுக்கறதில்ல. நடுவால கோடு போட்டு ரெண்டாக்கிரலாம்னா அதுக்கு எல்பிஏ வேணும், ஏற்கனவே கட்டின கட்டடத்துக்கு சுத்தி விடவேண்டிய எடம் பத்தாம போயிருச்சுன்னா அங்கயே நிக்கும்.

இனி சைட்டு. அப்ரூவல் இல்லாத மனைய பதிய மாட்டேன்னு சார்பதிவாளர் சொல்றது பதிவுச் சட்டம் 22ஏ பிரிவு. 20.10.2016க்கு முன்னாடியே மனைன்னு பதிவான சைட்டுக்கு விலக்கு இருக்கு, ஆனா வீடு கட்ட பிளான் போடறப்போ 2017 விதிப்படி வரன்முறை ஆயிருக்கான்னு கேப்பாங்க, அந்த ஆர்டர் காப்பி இருந்தா வெலயே வேற. "பஞ்சாயத்து அப்ரூவ்டு"ன்னு சொல்ற லேஅவுட்ட நம்பாதீங்க, தலைவர் கையெழுத்து மட்டும் லேஅவுட் அப்ரூவல் ஆகாது. அதே மாதிரி தாலுகா சர்வேயர் அளந்து பட்டாவத் தனியா பிரிச்சுக் குடுத்தாச்சுன்னா அது வருவாய்த்துறை கணக்கு, மனை அப்ரூவல் வந்துட்டதா அர்த்தமில்ல.

எல்பிஏக்கு விண்ணப்பம் ஆன்லைன்ல சிங்கிள் விண்டோ வழியா, லைசன்ஸ் இருக்கற இன்ஜினியர் போட்டுக் குடுப்பாரு. சிக்கல் வேற எடத்துல. பட்டாவுல நாலு பேர் இருந்தா நாலு பேரும் ஒத்துக்கணும், ஒருத்தர் மட்டும் தன் பங்குக்குன்னு போட்டா நிக்காது. அதனால மொதல்ல பாகப்பிரிவினை பதிஞ்சு, தனிப்பட்டா வாங்கி, அப்புறம் போங்க. பாகப்பிரிவினையில கிணத்து மொறை, மோட்டார் சர்வீஸ், வண்டித்தடம் மூணையும் தெளிவா எழுதுங்க, குறிப்பா தடம், ஏன்னா ரோடு இல்லாத உள் பங்குக்கு மனை அப்ரூவல் கெடைக்காது, இட்டேரிய (வேலிக்கு நடுவால போற வண்டிப்பாதை) ரோடுன்னு காட்டினா ஒத்துக்க மாட்டாங்க.

ஒரு ஏக்கர நாலு பேர் பிரிச்சு ஆளுக்கு 25 சென்ட்டுன்னு மனசுல கணக்குப் போட்டு வெச்சிருப்பீங்க. ஒண்ணா லேஅவுட் போட்டா அந்தக் கணக்கு வராது. ஏக்கர் 4,047 சதுர மீட்டர், 3,000 தாண்டினா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் பொது எடமா விடணும், இல்ல இந்த அளவுக்கு வழிகாட்டி மதிப்பு கணக்குல பணமா கட்டணும். ரோட்டையும் உள்ளாட்சிக்கு தானமா எழுதிக் குடுக்கணும். இது யாரு பங்குல போகுதுன்னு முன்னாடியே எழுத்துல பேசிக்கலைன்னா ரோட்டோரத்துக்காரருக்கு லாபம், உள்ள இருக்கறவருக்கு வயித்தெரிச்சல்.

வெல பேசறதுக்கு முன்னாடி எல்பிஏல இன்னும் கொஞ்சம் பாக்கணும். சர்வே நம்பர் மாஸ்டர் பிளான்ல விவசாய மண்டலமா குடியிருப்பான்னு கேளுங்க, விவசாயம்னா நில உபயோக மாற்றம் தனி வேலை. கோவைக்குள்ளன்னா டிடி பிளான்ல (விரிவான வளர்ச்சித் திட்டம்) போட்டு வெச்ச ஸ்கீம் ரோடு உங்க பங்கு மேல போகுதான்னு பாருங்க, போனா உடனே பயந்து பாதி வெலைக்குத் தள்ளிராதீங்க, மூணு வருசத்துல கையகப்படுத்தலைன்னா விடுபட்டதா கேக்க அதே 1971 சட்டத்துல 38ஆவது பிரிவு இருக்கு, நல்ல வக்கீலப் பாருங்க. தொண்டாமுத்தூர், ஆனைமலை மாதிரி மலையடிவார ஊருன்னா ஹாக்கா (மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம்) லிஸ்ட்ல கிராமம் இருக்கான்னு பாக்கணும், இருந்தா எல்பிஏ மட்டும் பத்தாது, காலம் இழுக்கும்.

அட்வான்ஸ் வாங்கறப்போ அக்ரிமென்ட்ல விக்கிறது பிரிபடாத பங்கா அளந்த மனையான்னு எழுதுங்க, மனைன்னா அப்ரூவல் செலவு யாரோடது, எத்தன மாசம் காத்திருக்கறது, வரலைன்னா அட்வான்ஸ் எப்படித் திரும்புதுன்னு மூணு வரி சேத்துக்கங்க, கூட இருக்கற பங்காளிங்க சாட்சிக் கையெழுத்தும் அதுலயே வாங்கிருங்க.