மலை முடிந்த பிறகு ஆளைத் தேடாதீர்கள்

போன ஞாயிறு வகுப்பில் மூன்று பேர் ரொமான்டிக் பாணியில் நிலக்காட்சி வரைந்தார்கள். காதல் இல்லை, இயற்கையைப் பிரம்மாண்டமாகக் காட்டும் பழைய ஐரோப்பிய ஓவியப் பாணி. மலை, மேகம், பனி எல்லாம் முடித்துவிட்டு, "ஆளை எங்கே சார் வைக்கலாம்?" என்றார்கள். நானும் ஒரு காலத்தில் இதைக் கேட்டவன்தான். கேட்டதற்கு விலையும் கொடுத்தேன். இந்த மாதிரிப் படங்களில் அடிக்கடி நடக்கும் தவறுகள் இவை.

ஆளைக் கடைசியில் வைப்பது

ஒருவர் தன் வீட்டு ஹாலுக்கு நாலடி கான்வாஸ் கேட்டிருந்தார். மூடுபனிக்கே ஒன்றரை மாதம், மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். கடைசியில் விளிம்பில் ஓர் ஆளை நிறுத்தியதும் என் மலை மண்மேடாகிவிட்டது. பக்கத்துப் பாறை அவன் இடுப்புக்குக்கூட வரவில்லை. வெள்ளையை லேசாகப் பூசி அவனை மறைத்துக் கொடுத்துவிட்டேன். ஆயில் வர்ணம் நாளாக ஆக உள்ளே இருப்பதைக் காட்டிக் கொடுக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. சில வருஷம் கழித்துப் போன் வந்தது: "பனிக்குள்ளே யாரோ நிக்கிறாங்க." வேறு படம் சும்மா வரைந்து கொடுத்தேன். அவன் இன்னும் என் பரணில் நிற்கிறான்.

மலைக்குத் தானாக அளவு கிடையாது. பக்கத்தில் நிற்கும் ஆள்தான் அதற்கு முழக்கோல். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் 'கடலோரத் துறவி' (1808–1810) படத்தில் முக்கால் பங்குக்கு மேல் வானம்தான். முதலில் கப்பல்களும் இருந்தன. அவற்றை அழித்துவிட்டுத் துறவியை மட்டும் வைத்துக்கொண்டார். ஆங்கில ஓவியர் டர்னர் 1812இல், பழங்கால கார்த்தேஜ் தளபதி ஹானிபாலின் படை பனிப்புயலில் ஆல்ப்ஸ் மலையைக் கடப்பதை வரைந்தபோது யானையைத் தூரத்தில் ஒரு பொட்டாக்கினார். புயல் எத்தனை பெரியது என்று அந்தப் பொட்டுதான் சொல்கிறது.

எனவே சின்னத் தாளில் ஆளுக்கு முதலில் ஒரு கோடு. பாறை எத்தனை ஆள் உயரம், மரம் எத்தனை ஆள் உயரம் என்பதெல்லாம் அப்புறம்.

எல்லோருக்கும் முதுகு

ஃப்ரீட்ரிக்கின் இன்னொரு படமான 'மூடுபனி யாத்ரீகன்' (சுமார் 1818) படத்தில் ஆள் முதுகைக் காட்டி நிற்கிறான் என்று எல்லோரும் அப்படியே நிறுத்துகிறார்கள். ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிளின் 'வைக்கோல் வண்டி'யை (1821) பாருங்கள். ஆட்கள் வண்டியோடு தண்ணீரில் நிற்கிறார்கள். அவரவர் பாட்டில் இருக்கிறார்கள். வண்டிக்காரன் இடுப்பில் கைவைத்து இயற்கையை ரசித்தால் குதிரைக்கே சிரிப்பு வரும்.

கண், மூக்கு

வேண்டாம்.

ஒரே போட்டோவைப் பார்த்து வரைவது

இதுவும் வேண்டாம். ஃப்ரீட்ரிக் ஜெர்மனியின் எல்பே மணற்கல் மலைகளில் தனித்தனியாகப் பாறைகளை வரைந்து, ஸ்டுடியோவில்தான் ஒன்றுசேர்த்தார்.

சரி, ஞாயிறு விஷயம். மூவரில் ஒருவர் வைத்த ஆளைக் கத்தியால் சுரண்டிவிட்டார். இன்னொருவர் வெள்ளை டியூபைத் திறந்தார். அதைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.