18 வருடக் கணக்கில் சந்திர கிரகணம்: எனக்கு ஒரு நாள் பிசகிய இடம்

2025 செப்டம்பர் 7 இரவு முழு சந்திர கிரகணம் என்பது செய்தித்தாளிலேயே வந்துவிட்டது. கிரகணம் சுமார் 18 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் என்று பழங்காலப் பாபிலோனியர் போட்ட கணக்கை நானும் போட்டு அதே தேதிக்கு வரமுடிகிறதா பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். வந்த விடை செப்டம்பர் 8.

தேவையானவை: நோட்டு, பேனா, தேதி கிழிக்கும் காலண்டர், பழைய கிரகணங்களின் பட்டியல். செயலி வேண்டாம், அது விடையைச் சொல்லும், வழியைச் சொல்லாது. பாம்புப் பஞ்சாங்கம் வீட்டில் இருந்தால் கடைசியில் திறவுங்கள்.

படி 1: பழைய கிரகணம் ஒன்றை எடுங்கள். நான் எடுத்தது 2007 ஆகஸ்ட் 28. உச்சம் நம் நேரப்படி மாலை 4.07.

படி 2: அதனுடன் 6585.32 நாள் கூட்டுங்கள். நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு இடங்கள்தான் ராகு, கேது. பௌர்ணமி நிலா இந்தப் புள்ளிகளில் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால்தான் கிரகணம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.53 நாள். ராகுவை விட்டுக் கிளம்பிய நிலா மறுபடி ராகுவிடம் வர 27.21 நாள். முன்னதில் 223, பின்னதில் 242 சுற்று முடிந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நாளில் வந்து நிற்கும். பாபிலோனியருக்கு இந்தக் காரணம் முதலில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் களிமண் பலகையில் குறித்துக்கொண்டே வந்தவர்களுக்கு 223 பௌர்ணமி என்ற எண் தானாகக் கண்ணில் பட்டிருக்கும்.

படி 3: இங்கேதான் நான் விழுந்தேன். பெரும்பாலான இடங்களில் "18 வருடம் 11 நாள்" என்றே எழுதியிருப்பார்கள். நானும் ஆகஸ்ட் 28உடன் 11 கூட்டி 8ஆம் தேதி என்று எழுதினேன். கொண்டலாம்பட்டி வீட்டில் அம்மா காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏழாம் தேதிதானேடா பௌர்ணமி, எட்டுக்கு எங்கிருந்து கிரகணம்?" என்றார்.

18 வருடத்துக்கு 365 வீதம் 6570 நாள். 6585இல் மிச்சம் 15. அதிலிருந்து இடையில் வரும் லீப் நாட்களைக் கழிக்க வேண்டும். நான்கு வந்தால் 11 மிஞ்சும். ஐந்து வந்தால் 10தான். 2008, 2012, 2016, 2020, 2024: ஐந்து. ஆக, செப்டம்பர் 7. இனி எந்தத் தேதி வந்தாலும் முதலில் பௌர்ணமியா என்று பார்த்துவிடுங்கள்.

படி 4: மிச்சமிருக்கும் .32 நாள், அதாவது 7 மணி 42 நிமிடம். மாலை 4.07உடன் கூட்டினால் இரவு 11.49. உண்மையான உச்சம் 11.41! ஏற்காட்டில் சித்தப்பா வீட்டு வாசலில் குளிரில் நின்று, பனிமூட்டம் விலகிய இடைவெளியில் செம்பு நிறத்தில் பார்த்தோம்.

நம் ஊர்க்காரர்கள் இதைவிட நுணுக்கமான வழியில் போட்டார்கள். 1825இல் புதுச்சேரியில் வாரன் என்ற வெள்ளைக்காரர் முன்னால் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டே, தரையில் சோழி வைத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கம் 4 நிமிடம்தான் பிசகியது. முடிவில் 52 நிமிடம். என்னுடைய 8 நிமிடத்தை வைத்து அவரோடு போட்டி போட முடியாது. நான் தொடங்கியதே நேரம் தெரிந்த ஒரு கிரகணத்திலிருந்து.

பிற்சேர்க்கை: 7.42க்குப் பதில் முழுசாக 8 மணி போட்ட ஒருவருக்கு நள்ளிரவு 12.07 வந்து, தேதி மறுபடி 8க்குத் தாவிவிட்டதாம். பின்னத்தை வெட்டாதீர்கள். அப்புறம், சூரியனின் நடை ஒரே சீராக இல்லாததால் சில ஜோடிகளில் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போகும்.

கிரகணம் வந்தாலும் சேலத்தில் தெரிய வேண்டும் என்பதில்லை. 2018 ஜூலை 28 அதிகாலை 1.52க்கு உச்சம் தொட்டதன் அடுத்த சுற்று 2036 ஆகஸ்ட் 7 காலை 8.21க்கு, நிலா அதற்குள் மறைந்திருக்கும்.

நீங்கள் போட்டுப் பார்க்க ஒன்று: 2018 ஜனவரி 31, இரவு 7.00 மணி. இதன் அடுத்த சுற்று சேலத்தில் தெரியும். லீப் நாட்களை எண்ணும்போது 2036 பிப்ரவரி 29ஐச் சேர்த்துவிடாதீர்கள். கிரகணம் அதற்கு முன்பே முடிந்துவிடும்.