'ஃபீல் ஒப்ளைஜ்டு டு': தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனம் முழுமையாக விரும்பாவிட்டாலும் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று நமக்கே தோன்றுகிற நிலையை ஆங்கிலத்தில் சொல்ல 'ஃபீல் ஒப்ளைஜ்டு டு' என்ற தொடர் பயன்படுகிறது. இதில் நேரும் இலக்கணப் பிழைகளை ஆசிரியர்கள் சிவப்பு மையால் திருத்திவிடுவார்கள். இலக்கணம் சரியாக இருந்தும் தொனி தவறிப்போன வாக்கியத்தைத் திருத்துவார் யாருமில்லை என்பதால், முதலில் அதைப் பார்ப்பதே முறை.

நன்றியுரை ஆற்றும் ஒருவர் 'ஐ ஃபீல் ஒப்ளைஜ்டு டு தேங்க் த சீஃப் கெஸ்ட்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனத்தில் ஓடுவது 'சிறப்பு விருந்தினருக்கு நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்' என்ற பணிவான தமிழ் வாக்கியம். ஆங்கிலத்தில் பழகியவர் காதிலோ அது, 'நன்றி சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது, அதனால் சொல்லி வைக்கிறேன்' என்பதுபோல் விழும். தமிழில் 'கடமைப்பட்டிருக்கிறேன்' என்பதற்குள் நன்றியும் பொறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. ஆங்கிலத் தொடருக்குப் பின் ஒரு வினைச்சொல் வந்துவிட்டால் பொறுப்பு மட்டுமே நிற்கிறது, அதோடு சிறு தயக்கமும் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே மேடையில் 'ஐ வுட் லைக் டு தேங்க்' என்று சொல்வதே நல்லது. நன்றியுணர்வை அதே சொல்லால்தான் சொல்ல வேண்டுமென்றால், 'டு' என்பதற்குப் பின் வினையை வைக்காமல் ஆளை வைக்க வேண்டும்: 'ஐ ஆம் மச் ஒப்ளைஜ்டு டு யூ ஃபார் யுவர் ஹெல்ப்'. இது 'உங்கள் உதவிக்கு மிகவும் நன்றியுடையேன்' என்ற பொருளைத் தரும். சற்றுப் பழைய பாணி என்றாலும் பிழையில்லை.

இதே காரணத்தால், அன்பைச் சொல்லும் இடங்களிலும் இத்தொடர் உறுத்தும். 'ஐ ஃபீல் ஒப்ளைஜ்டு டு விசிட் மை கிராண்ட்மதர் எவ்ரி சண்டே' என்ற வாக்கியத்தில் இலக்கணக் குறை ஏதுமில்லை. ஆனால் பாட்டியைப் பார்க்க ஆசையாகப் போகிறேன் என்பதற்குப் பதிலாக, போகாவிட்டால் குறை சொல்வார்களே என்று போகிறேன் என்பதை அது சொல்லிவிடுகிறது. அந்தத் தயக்கம் உண்மையாகவே இருக்கும் இடத்தில் இத்தொடர் கச்சிதமாகப் பொருந்தும். 'ஷி ஹேட் ஹெல்ப்டு மீ மூவ் ஹவுஸ், ஸோ ஐ ஃபெல்ட் ஒப்ளைஜ்டு டு ஹெல்ப் ஹர்' என்பதைப் பாருங்கள். நான் வீடு மாறியபோது அவள் கைகொடுத்தாள். இப்போது அவளுக்கு நான் உதவாமல் இருக்க முடியவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கேட்கக்கூட இல்லை. உள்ளுக்குள் எழுந்த கடன் உணர்வுதான் செய்ய வைத்தது.

அந்த 'உள்ளுக்குள்' என்பதைச் சுமப்பது 'ஃபீல்' என்ற சொல். சட்டம், ஒப்பந்தம், விதி போன்றவை வெளியிலிருந்து கட்டாயப்படுத்தும்போது 'ஃபீல்' வரக் கூடாது. 'ஆர்', 'இஸ்', 'வாஸ்' போன்ற சொற்களே வர வேண்டும். 'ட்ரைவர்ஸ் ஆர் ஒப்ளைஜ்டு டு ஸ்டாப் அட் அ ரெட் லைட்' என்பது சாலை விதியைச் சொல்கிறது. அதில் 'ஆர்' என்பதை எடுத்துவிட்டு 'ஃபீல்' என்று போட்டால், சிவப்பு விளக்கில் நிற்பது ஓட்டுநரின் மனச்சாட்சியைப் பொறுத்தது என்றாகிவிடும். இறந்தகாலத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 'ஐ வாஸ் ஒப்ளைஜ்டு டு ரிசைன்' என்றால், பதவி விலகும்படி சூழல் நெருக்கியது, விலகியும்விட்டேன் என்றே வழக்கமாகக் கொள்வார்கள். 'ஐ ஃபெல்ட் ஒப்ளைஜ்டு டு ரிசைன்' என்றால் விலகியே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது என்பது மட்டுமே உறுதி. அதன் பின்னால் 'பட் ஐ டிடின்ட்' என்று சேர்த்து, விலகவில்லை என்று முடிக்கவும் இடமிருக்கிறது. அலுவலகக் கடிதத்தில் இவ்விரண்டையும் மாற்றி எழுதினால், விலகச் செய்தது மேலதிகாரியா, எழுதியவரின் மனமா என்பதே மாறிவிடும்.

இனி வடிவத்துக்கு வருவோம். மிகுதியாகக் காணப்படும் பிழை, 'ஒப்ளைஜ்டு' என்பதன் இறுதி 'டு' ஒலியை விட்டுவிட்டு 'ஐ ஃபீல் ஒப்ளைஜ் டு ஹெல்ப்' என்று எழுதுவது. பேசும்போது அந்த ஒலி அடுத்து வரும் 'டு' என்ற சொல்லோடு கலந்து காதில் தனியாகக் கேட்பதில்லை என்பதால், செவிவழியாகக் கற்றவர்கள் எழுத்திலும் அதை விட்டுவிடுகிறார்கள். இச்சொல்லின் மூலமான லத்தீன் வினைக்குக் கட்டுதல் என்று பொருள். நான் கட்டுபவன் அல்லன், கட்டுப்பட்டவன் என்பதை நினைவில் வைத்தால் இறுதி ஒலி தானாகவே வந்துவிடும்.

'டு' என்பதற்குப் பின் வினையின் அடிப்படை வடிவம் மட்டுமே வரும். 'லுக் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ' என்று பழகியவர்கள் இங்கும் 'டு ஹெல்பிங்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 'டு' வேறு, இந்த 'டு' வேறு. காலத்தைக் காட்டுவது 'ஃபீல்', 'ஃபெல்ட்' என்ற சொல்லின் வேலை என்பதால், 'ஐ ஃபெல்ட் ஒப்ளைஜ்டு டு செட்' என்று இரண்டு இடத்திலும் இறந்தகாலம் காட்டுவதும் பிழை. 'டு ஸே' என்பதே சரி. 'ஐ ஆம் ஃபீலிங் டயர்டு' என்று களைப்பைச் சொல்வது இயல்புதான். அதைப் பார்த்து 'ஐ ஆம் ஃபீலிங் ஒப்ளைஜ்டு' என்று எழுதினால் செயற்கையாக ஒலிக்கும்; 'ஐ ஃபீல்' என்றாலே போதும். ஆனால் வாக்கியத்தின் தொடக்கத்தில் 'ஃபீலிங் ஒப்ளைஜ்டு டு ரிப்ளை, ஷி ரோட் அ ஷார்ட் நோட்' என்று எழுதுவதற்குத் தடையில்லை.

'ஃபீல்' என்பதை அறவே விட்டுவிட்டு 'ஐ ஒப்ளைஜ்டு டு அட்டெண்ட்' என்று எழுதுவோரும் உண்டு. துணைச்சொல் இல்லாமல் 'ஹி ஒப்ளைஜ்டு' என்று நின்றால், பிறர் கேட்டுக்கொண்டதை அவர் செய்து கொடுத்தார் என்ற முற்றிலும் வேறான பொருள் வந்துவிடும். பாடச் சொன்னார்கள், பாடினார் என்பது போன்ற இடத்துக்குரியது அது. தமிழில் 'எனக்குப் போக வேண்டும் போலிருந்தது' என்று நான்காம் வேற்றுமையில் சொல்லும் பழக்கத்தால், 'இட் ஃபெல்ட் ஒப்ளைஜ்டு டு மீ' என்று எழுதுவதும் உண்டு. ஆங்கிலத்தில் கட்டுப்படுவது ஆள்தான், ஆகவே ஆளே எழுவாயாக வர வேண்டும்.

அண்டைச் சொற்களில் 'கம்பெல்டு' இதைவிட வலுவானது. அடக்க முடியாத உந்துதலுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். 'ஒப்ளைஜ்டு' இருக்குமிடத்தில் அதே பொருளில் வரும் 'ஒப்ளிகேட்டட்' அமெரிக்க வழக்கில் மிகுதி, பிரிட்டிஷ் வழக்கில் குறைவு. ஒரே கட்டுரையில் இவ்விரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். 'பவுண்ட் டு' என்பதில்தான் எச்சரிக்கை தேவை. 'ஐ ஃபீல் பவுண்ட் டு டெல் யூ' என்றால் சொல்ல வேண்டிய கடமையை உணர்கிறேன் என்று பொருள். 'ஹி இஸ் பவுண்ட் டு ஃபெயில்' என்றாலோ அவர் தோற்பது உறுதி என்று பொருள்.

எதிர்மறையில் நம்மைத் தடுமாற வைப்பது 'வேண்டாம்' என்ற தமிழ்ச்சொல். 'நீங்கள் வர வேண்டாம்' என்பது தடையாகவும் இருக்கலாம், வந்தே ஆகவேண்டிய கட்டாயமில்லை என்ற சலுகையாகவும் இருக்கலாம். 'யூ ஷுட்ன்ட் ஃபீல் ஒப்ளைஜ்டு டு கம்' என்பதில் இருப்பது சலுகை மட்டுமே. வரக் கூடாது என்று சொல்ல 'யூ மஸ்ட் நாட் கம்' என்று எழுத வேண்டும். மறுப்புச் சொல் நிற்கும் இடமும் பொருளை மாற்றும்: 'ஐ டோன்ட் ஃபீல் ஒப்ளைஜ்டு டு ஆன்ஸர்' என்றால் பதில் சொல்லும் கட்டாயம் எனக்கில்லை, 'ஐ ஃபீல் ஒப்ளைஜ்டு நாட் டு ஆன்ஸர்' என்றால் பதில் சொல்லாமலிருப்பதே என் கடமை. அழைப்பிதழோடு அனுப்பும் குறிப்பில் 'ப்ளீஸ் டோன்ட் ஃபீல் ஒப்ளைஜ்டு டு கம்' என்று எழுதுவது, வேலை மிகுந்தவரைச் சங்கடத்திலிருந்து விடுவிக்கும் நாகரிகம். நெருங்கிய நண்பருக்கு அந்த ஒரு வரியை மட்டும் அனுப்பினால், வராமலிருந்தால் நல்லது என்று நினைக்கிறார்களோ என்று அவர் ஐயப்படக்கூடும் என்பதால், 'பட் வீ வுட் லவ் டு ஸீ யூ' என்பதையும் சேர்த்துவிடுங்கள்.